தமிழில் எழுதிய சீட்டு

"சார், அந்தச் சீட்டுல இன்னா எழுதியிருந்தீங்க?"

முனிரத்தினத்தின் மனைவி கோமளா என்னிடம் இதைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. அவனுடைய காரியம் முடிந்து, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். உன் ஆஸ்பத்திரியில் கொடுத்த கவர். அதற்குள் அவனுடைய கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செல்போன், நான்காக மடித்த ஒரு காகிதம். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் சார், படிக்க வராது. நான் தெலுகு மீடியம். அவரு சட்டை ஜோபுல இருந்துச்சுன்னு உங்க புள்ளதான் எடுத்துக் குடுத்தாரு," என்றாள். காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து. நான் அதை வாங்கி, புதிதாகப் படிப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீக்கிரமா பாக்கச் சொல்லி எழுதினேம்மா," என்றேன். அது பொய். அந்தப் பொய்யிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கடிதத்தை என்னால் எழுதி முடிக்க முடியும்.

அடுத்த மாதம் நீ மஸ்கட்டுக்குப் போகிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குறையாகச் சொல்லவில்லை. நீ என்னிடம் சொல்லும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே எத்தனை பஸ் ஓடுகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு மாதமாக நீ எதிலும் ஏறவில்லை. போனில் அம்மாவிடம் பேசுகிறாய். "நைனா கிட்ட குடுக்கட்டுமா?" என்று அவள் கேட்டால், "டூட்டிக்கு நேரமாச்சிமா," என்கிறாய். எனக்கு அது கேட்கிறது. அவள் ஸ்பீக்கரில்தான் பேசுகிறாள், எனக்காகத்தான் அப்படிப் பேசுகிறாள். உன் குரலைக் கேட்பதற்காக அந்த நேரத்தில் நானும் பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

சீட்டு எழுதும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ நர்சிங் சேர்ந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால், "ஆஸ்பத்திரி லைன்ல படிக்கிறான்," என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். டாக்டருக்கா என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் திருத்தமாட்டேன். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் பிள்ளைகளைத் திருத்திய ஆள் நான். பிறகு எமர்ஜென்சியில் உனக்கு வேலை கிடைத்தது. அப்போது நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் போவதற்கு இடமில்லை, "சார்" என்று கூப்பிட ஆளில்லை. அந்தச் சமயத்தில்தான் பிச்சாட்டூர்ப் பக்கத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வந்து, "சார், தம்பி திருப்பதியில எமர்ஜென்சில கீறாராமே, எங்க மாமனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று நின்றான். நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருவன் வந்தான். பிறகு தெருவில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. மகன் நர்ஸ் என்று சொல்லக் கூச்சப்பட்டவன், வருகிறவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீட்டு எழுத ஆரம்பித்தேன். உன் வேலையை வைத்து எனக்கு மறுபடியும் ஒரு பள்ளிக்கூடம் திறந்துகொண்டேன்.

நீ ஆரம்பத்திலேயே சொன்னாய். "நைனா, அங்க முன்னாடி வந்தவங்க, தெரிஞ்சவங்கன்னு எதுவும் கிடையாது. யாருக்கு மோசமோ அவங்கதான் மொதல்ல. நீ அனுப்பறவங்க என்னத் தேடிகினு நிக்கிறாங்க," என்றாய். நான் சிரித்துக்கொண்டே, "பரீட்சையில நான் யாருக்கும் மார்க் போட்டுக் குடுத்ததில்ல, நீயும் போட்டுக் குடுக்காத. சும்மா பார்த்தா போதும்," என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். உன் அம்மாவுக்கு அது சரியாகவே புரிந்திருந்தது. "அவன் உனுக்குப் புள்ளையா, இல்ல நீ அந்த ஆஸ்பத்திரிக்கு வெச்ச பியூனா?" என்று அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை மாற்றினேன்.

அந்தச் சீட்டுகளை நான் தமிழில் எழுதினேன். கவுண்டரில் இருப்பவர்கள் தெலுங்குக்காரர்கள், தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது, சிபாரிசு என்ற பேச்சு உனக்கு வராது என்பது என் கணக்கு. உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினத்தை உனக்கு அன்றைக்கு முன்னால் தெரியாது. எனக்கு அவனைப் பத்து வயதிலிருந்து தெரியும். நாற்பத்தாறு வயதிலும் என் எதிரில் உட்காரமாட்டான். வகுப்பில் "கோட்டுக்கு மேல எழுது" என்றால் கோட்டுக்கு மேலேதான் எழுதுவான், பென்சில் உடைந்தாலும் கேட்காமல் எழுந்து போய்ச் சீவமாட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று அவனை எத்தனையோ முறை மற்றவர்கள் முன்னால் பாராட்டியிருக்கிறேன். மாம்பழக்கூழ் பேக்டரியில் பாய்லர் வேலை. சீசன் நேரம். காலை ஏழரை மணிக்குக் கோமளாவோடு வந்து வாசலில் நின்றான். "நெஞ்சு எரிஞ்சிகினே கீது சார். நாலு நாளா பழமா துன்னுட்டேன், அதான்னு நெனைக்கிறேன். தம்பி கிட்ட ஒருதபா காட்டிட்டா நிம்மதி," என்றான். நெற்றியில் வேர்வை இருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஏழரை மணிக்கு என்ன வெயில் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் அங்கே போயிருந்தால் எட்டு மணிக்குள் யாராவது அவன் நெஞ்சில் ஈசிஜி வயர் ஒட்டியிருப்பார்கள். ஆனால் நம் ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள், தெரிந்தவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அந்தத் தெரிந்தவராக நான் உன்னை ஆக்கி வைத்திருந்தேன். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் இன்னொரு முறை எழுதுகிறேன்: "இவன் என் மாணவன் முனிரத்தினம். காலையிலிருந்து நெஞ்செரிச்சல் என்கிறான். வரிசையில் நிற்க வைக்காதே. வேறு யாரிடமும் விடாமல் நீயே பார்." கடைசி வரியின் கீழே கோடு வேறு போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோமளா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண், "ஏமைந்தண்ணா?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கிறவளிடம் அவன், ஒன்றும் இல்லையம்மா, சாருடைய மகனைப் பார்க்க வந்தோம் என்று தெலுங்கில் சொன்னான். கோமளாவுக்கு மனசு கேட்காமல் சீட்டை நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அரவமா? நாக்கு ராதக்கா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். தமிழைத்தான் அங்கே அரவம் என்பார்கள், தனக்கு அது வராது என்றாள், அவ்வளவுதான். அவன் சீட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதையே நான் தெலுங்கில் எழுதியிருந்தால் "நெஞ்செரிச்சல்" என்ற ஒரு சொல் அவள் கண்ணில் பட்டிருக்கும். நீ ஸ்கேனுக்கு ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாய். மூச்சுக்குழாய் வைத்த நோயாளி, விட்டுவிட்டு வர முடியாது. என் மாணவன் பார்க்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான், நீ மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் எழுதியிருந்ததால். நீ கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, அவன் யாரென்று தெரியாமலே, அவன் முகத்தின் நிறத்தைப் பார்த்து ஓடிவந்தாயாம். நீதான் அவன் நெஞ்சை அழுத்தினாய். கைமாற்ற ஆள் வந்தபோதும் விடவில்லை என்று கோமளா சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் உடம்பில் இருந்த பொருட்களை எடுத்து எழுதி ஒப்படைப்பதும் உன் வேலைதான். சட்டைப் பையில் உன் அப்பாவின் கையெழுத்து இருந்தது. பட்டியலில் "ஒரு காகிதம்" என்று எழுதினாய்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அன்று சாயங்காலம் போன் செய்து, "நைனா, முனிரத்தினம்னு ஒருத்தர் தவறிட்டார்," என்று மட்டும் சொன்னாய். நான் கேட்ட முதல் கேள்வி, "நீ கூட இருந்தியா?" என்பது. "இருந்தேன்," என்றாய். "அப்புறம் எப்படி?" என்றேன். நம் இருவருக்கும் நடுவே அதற்குப் பிறகு வந்த மௌனம் முழுவதும் அந்த இரண்டு சொற்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், உனக்குச் சொல்லாமல், காலைப் பஸ் பிடித்து உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்னிடம் பேசத்தான் வந்தேன். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ வேலை செய்வதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஆறு வருடத்தில் நூறு பேரை அனுப்பியிருப்பேன், ஒரு நாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. மலையேறி வந்த ஒருவரை மயக்கத்தோடு கொண்டுவந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. அவர் மனைவி யாரிடம் பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து அழுதாள். "எந்த ஊரும்மா நீங்க?" என்று நீ கேட்டதும், "திருத்தணிப் பக்கம்பா. தமிழாப்பா நீ?" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ அந்தக் கையை இழுத்துக்கொள்ளாமல், இன்னொரு கையாலேயே ட்ரிப்பைச் சரி செய்துவிட்டு, "சுகர் மாத்திரை போடுவாரா? காலையில இன்னா துன்னாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். பிள்ளைகளிடம் நான் அப்படிப் பொறுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன்.

பிறகு புத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஆறேழு பேர், கையில் கண்ணாடி கிழித்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே கூச்சல். நீ ஒரு துணியை வைத்து அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவர்களைத் தாண்டிப் போய், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் குனிந்தாய். சேற்றுக் கால், யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தூக்கம் வருவதுபோல உட்கார்ந்திருந்தாள். ஒருவன் வந்து உன் சட்டையைப் பிடித்தான். "யோவ், ரத்தம் கொட்டிகினு கீது, அங்க இன்னா பண்ற? நீ நர்ஸ்தானே, போய் டாக்டரக் கூப்புடு." நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். நீ குரலை உயர்த்தவில்லை. "உன் பிரண்டு கத்தறான் இல்ல, அவனுக்கு மூச்சு நல்லா கீது. இந்தம்மாவால கண்ணத் தொறக்க முடியல பாரு. பாம்பு கடிச்சிகீது. சட்டைய உடு, அந்த ஸ்ட்ரெச்சர இப்படித் தள்ளு," என்றாய். அவன் சட்டையை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினான். வகுப்பறையில் கையைத் தூக்கியவர்களைத்தான் நான் வாழ்நாள் முழுக்க எழுப்பிக் கேள்வி கேட்டேன். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்ததில்லை. அந்த அம்மா பிழைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாய். யாரோ கூப்பிட்டார்கள், மூடிவிட்டாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாய். "யாரப் பாக்க வந்தீங்க? உங்களுக்கு உடம்புல எதுனா பண்ணுதா?" தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. என் பக்கத்தில் இருந்த பெரியவர், "இந்தப் பையன் தெனமும் இப்படித்தான் கேட்டுகினு போறான், எங்க பேத்திய சேத்து மூணு நாளா பாக்கறேன்," என்றார். எனக்கும் உனக்கும் நடுவே ஐந்து பேர் இருந்தார்கள். பிறகு மூன்று பேர். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ என்னிடம் வந்து, உங்களுக்கு என்ன பண்ணுகிறது என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சித்தூர் வரும்வரை பஸ்ஸில் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

அம்மாவிடம் கூட நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் மஸ்கட் என்று கேள்விப்பட்ட பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. போன வாரம் கோமளா வீட்டுக்குப் போனேன். அந்தச் சீட்டை எடுத்து வரச் சொல்லி, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "வேற யாருகிட்டயும் உடாமன்னா எழுதியிருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அவருக்கு வேர்த்துகினே இருந்துச்சு சார். அந்தக் கவுண்டர் பொண்ணு கிட்ட சொல்லலாமான்னு எத்தன தபா கேட்டேன். சாரு எழுதிக் குடுத்துகீறாரு, நீ சும்மா குந்துன்னாரு." அப்புறம் அவள் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதமே. "உங்க புள்ள அன்னிக்கி என் காலாண்ட குந்திகினு, நான் வர லேட்டாயிடுச்சிக்கா, தப்பு என்னுதுன்னாரு. நாலு மாசமா அவர் மேலதான் ஆத்திரம் எனக்கு. வெளிநாட்டுக்குப் போறாருன்னு கேட்டப்போ, ஓடறான் பாருன்னு எங்க அண்ணன் கிட்ட சொன்னேன் சார்."

நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவளுடைய கோபத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் "அப்புறம் எப்படி?" என்று கேட்டவன்.

"அவருகிட்ட சொல்லுங்க, கோமளா இப்ப அப்படி நெனைக்கலன்னு," என்றாள். நான் எழுந்தேன். "உங்க மேல கோவம் வருது சார். நெஜமே செப்தானு, உள்ளதச் சொல்றேன், அது வந்துகினுதான் இருக்கும். குந்துங்க, காபி குடிச்சிட்டுப் போங்க," என்றாள். குடித்துவிட்டு வந்தேன். அவள் சொன்னதை உனக்குச் சேர்த்துவிட்டேன். நீ ஓடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். போ, நல்ல வேலை, நல்ல இடம். நான் தடுக்கவில்லை.

சீட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். யாராவது வந்தால், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முதலில் கேட்கிறவரிடம் என்ன பண்ணுகிறது என்று சொல்லுங்கள், யார் அனுப்பினார் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். சிலருக்குக் கோபம். "சாருக்கு பையன் பாரின் போறான்னு கர்வம் வந்துச்சி," என்று தெருவில் பேசுகிறார்களாம். பேசட்டும்.

ஆனால் எனக்கு ஒரு ஏக்கம் இருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் நான் உனக்குச் செய்த போன்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே "ஒருத்தர அனுப்பறேன்" என்றுதான் ஆரம்பித்தன. உன் கை இன்று யாருடைய நாடியைப் பிடித்தது, யார் உன்னைத் திட்டினார்கள், யார் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள், ரூமுக்குத் திரும்பும்போது எதை நினைத்துக்கொண்டு நடந்தாய் என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் உன் அம்மாவிடம் கொட்டிவிடுவேன். அப்படிக் கொட்ட உனக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஸ்கட்டில் உனக்கு எத்தனை நோயாளிகளோ, என்ன பாஷையோ. இங்கே இருக்கும்போதே கேட்காதவன் அங்கே போன பிறகு எப்படிக் கேட்பேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இதை இங்கேயே தொடங்கிவிடலாம்.

இன்று டூட்டி முடிந்து நீ கை கழுவிய பிறகு எனக்குப் போன் செய். அம்மாவுக்கு வேண்டாம், என் நம்பருக்கு. இன்று நீ பார்த்தவர்களில் ஒரே ஒருவரைப் பற்றி, அவர் வாசலில் வந்ததிலிருந்து வீட்டுக்குப் போனது வரைக்கும் சொல்.